காரணமும் இடுகுறியும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கூறும் மரபு நம் மொழியில் மிகப் பழையது. வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் இதனைக் கூறினார். ஔவையார் கொன்றைவேந்தனில் கூறினார். அவர்களைப் பின்பற்றி மேடைதோறும் நாமும் கூறி வருகிறோம். ஆயினும் இரு கண்களும் ஒரே பொருளை நோக்கும்போதுதான் பார்வை நிறைவுறும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 'மூத்தவனுக்குக் கணக்கு நன்றாக வரும். இளையவளுக்கு மொழிதான் வரும்' என்று பிள்ளைகளை இரு கூறாக்கி மகிழ்கிறோம். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் இந்தப் பிரிவினை இன்னும் ஆழமானது. கணக்கு சோறு போடும், ஆதலால் அது வாரத்தில் ஆறு நாளுக்கு உரியது. தமிழ் உறவைக் காக்கும், ஆதலால் அது ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. இப்படித்தான் தலைநகரில் வாழும் நம்மில் பலர் கணித்து வைத்திருக்கிறோம்.

இந்தக் கணிப்பு சரியா என்று நம்மைச் சிந்திக்க வைத்தவள், நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கும் ஓர் இளம்பெண். அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக ஆயத்தம் செய்து வருபவள். 2011இல் தொடங்கிய நடுவண் அரசின் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு அப்போது படித்துக்கொண்டிருந்தாள். தொடக்க வகுப்பு ஆசிரியர்க்குரிய அத்தேர்வின் முதல் தாளில் குழந்தை வளர்ச்சி, முதல் மொழி, இரண்டாம் மொழி, கணிதம், சூழலியல் என்னும் ஐந்து பகுதிகளுக்கும் முப்பது முப்பது மதிப்பெண், ஆக 150. ஒருநாள் அவள் சலிப்புடன் கேட்டாள்: "நான் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறவள். கதையும் பாட்டும் சொல்லித்தரப் போகிறவள். எனக்கு எதற்கு ஐயா இந்தக் கணிதத் தருக்கம்?"

அவளுக்கு அன்று உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சி. தேடப் புகுந்தபோது, இது பாடத்திட்டம் பற்றிய வினா மட்டுமன்று, அறம் பற்றிய வினாவும் ஆகும் என்பது புலனாயிற்று. ஒரு குழந்தை 'ஏன்?' என்று கேட்கும்போது அதற்கு நாம் எத்தகைய விடை தரக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே அவ்வினா.

முதலில் கணிதத் தருக்கம் என்பது யாதென நோக்குவோம். அது கூட்டலும் பெருக்கலும் விரைந்து செய்யும் திறமை அன்று. ஒரு சிறுமியிடம் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஒற்றைப்படை எண்கள் இரண்டைக் கூட்டச் சொல்வோம். மூன்றும் ஐந்தும் எட்டு. ஏழும் ஒன்பதும் பதினாறு. 'எப்போதும் இரட்டைப்படைதான் வருகிறது' என்கிறாள். உண்மைதான். ஆனால் எப்போதும் அப்படியே வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நூறு முறை செய்து பார்த்தாலும் நூற்றோராவது முறை என்னாகும்? அவள் கொட்டைகளை இரண்டிரண்டாக இணைத்து வைக்கிறாள். ஒவ்வோர் ஒற்றைப்படைக் குவியலிலும் ஒரு கொட்டை துணையின்றி நிற்கிறது. இரு குவியல்களையும் சேர்க்கும்போது துணையற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. இனி அவள் நூறு முறை செய்து பார்க்க வேண்டியதில்லை. காரணத்தைக் கண்டுவிட்டாள்.

எடுத்துக்காட்டுகள் எத்தனை சேர்ந்தாலும் அவை காரணம் ஆகா என்பதற்கு 18ஆம் நூற்றாண்டு முதலே அறியப்பட்ட ஒரு வாய்பாடு சான்று. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அதனோடு அவ்வெண்ணையும் 41ஐயும் கூட்டுக. ஒன்றில் தொடங்கினால் 43, இரண்டுக்கு 47, மூன்றுக்கு 53. எல்லாம் பகா எண்கள். இப்படியே முப்பத்தொன்பது வரை பிழையின்றிப் பகா எண்களே வருகின்றன. நாற்பதில் 1681 வருகிறது. அது 41ஐ 41ஆல் பெருக்கி வருவது. பகா எண் அன்று. முப்பத்தொன்பது முறை கிடைத்த வெற்றி நாற்பதாவது முறை பொய்த்துவிடுகிறது.

மேதைகளும் இதற்கு விலக்கல்லர். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் 1913 ஜனவரி 16 அன்று சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி மறுமொழியில் வேண்டியது நிறுவல்களையே. அம்முடிவுகளில் பல வியக்கத்தக்க உண்மைகளாக நிலைபெற்றன. பகா எண்களின் பரவலைப் பற்றி இராமானுசன் கருதியவற்றில் சில பிழையென்று தெரிந்தன. அத்தகைய அகக்கண் பெற்றவர்க்கே நிறுவல் வேண்டியிருந்ததெனின் நம்மைப் போன்றோர்க்குக் கூறவும் வேண்டுமோ?

இனி வாசிப்புக்கு வருவோம். நம் ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுவன் வெகுவிரைவாக வாசிப்பான். காகத்தின் படம் போட்ட பக்கத்தில் 'காக்கை' என்று அச்சிட்டிருக்க, 'காகம்' என்று வாசித்தான். பொருள் சரிதானே என்று அனைவரும் பாராட்டினோம். மற்றொரு பக்கத்தில் படம் இல்லை. 'காக்க' என்று இருந்தது. அதையும் 'காகம்' என்றே வாசித்தான். அப்போதுதான் அவன் எழுத்தை வாசிக்கவில்லை, முதலெழுத்தையும் படத்தையும் கொண்டு ஊகிக்கிறான் என்பது தெரிந்தது. அவனுடைய விரைவு, முப்பத்தொன்பது முறை பொய்க்காத அந்த வாய்பாட்டைப் போன்றது.

அமெரிக்க அறிஞர் கென்னத் குட்மன் 1967இல் வாசிப்பை ஓர் ஊக விளையாட்டு என்றே வருணித்தார். அக்கருத்துப் பல நாடுகளின் வகுப்பறைகளில் செல்வாக்குப் பெற்றது. பின்வந்த ஆய்வுகளோ, தேர்ந்த வாசகர் எழுத்துகளை விரைந்தும் திருத்தமாகவும் கண்டறிகின்றனர் என்றும், ஊகத்தைப் பெரிதும் சார்ந்து நிற்போர் தடுமாறும் வாசகரே என்றும் காட்டின. அதனால் ஊகமே தீது என்று கொள்ளலாகாது. ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கண்டுபிடிப்பின் தொடக்கம் ஊகமே என்று வலியுறுத்தியவர். 1954இல் அதற்கென்றே இரு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். ஆனால் ஊகித்தவன் அதனைச் சோதிக்கக் கடமைப்பட்டவன் என்பதும் அவர் கொள்கை. அச்சிறுவனிடம் ஆசிரியை சொல்ல வேண்டியது 'ஊகிக்காதே' என்பதன்று, 'ஊகித்தாய், நன்று, இனி எழுத்தோடு ஒத்துப் பார்' என்பதே. கணிதத்தில் சோதனைக்கு உழைத்துப் பழகியவளுக்கே இச்சொல் இயல்பாக வரும்.

இதனினும் ஆழமான ஓர் இடம் உண்டு. ஒரு வகுப்பில் ஒரு சிறுமி, "அக்கா, கல் என்னும்போது ஒரு 'க'; தங்கம் என்னும்போது வேறு 'க'. எழுத்து ஒன்று, ஒலி ஏன் இரண்டு? இந்தியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறதே!" என்று கேட்டாள். 'அது அப்படித்தான்' என்று நம்மில் பலர் விடையளித்திருப்போம். ஆசிரியையோ சொற்களைப் பட்டியலிடச் செய்தாள். கல், காடு, பக்கம், அக்காள் ஒருபுறம். தங்கம், சங்கு மறுபுறம். பகல், முகம் வேறொரு புறம். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் ஒலி வலிமையாக நிற்கிறது. மெல்லெழுத்தை அடுத்தும் உயிர்களின் இடையிலும் மென்மை அடைகிறது. விதியைக் குழந்தைகளே கண்டுபிடித்தனர். 'அப்படியானால் காந்தி?' என்று ஒருவன் உடனே எழுந்தான். மகிழத்தக்க மறுப்பு! விதி தமிழ்ச் சொற்களுக்கு உரியது, பிறமொழிப் பெயர்கள் தம் ஒலியைத் தம்மோடு கொண்டு வருகின்றன என்று விதியின் எல்லையும் வகுக்கப்பட்டது. அன்று நடந்தது மொழிப் பாடமா, கணிதப் பாடமா என்று பிரித்துரைத்தல் அரிது.

ஆயினும் எல்லா 'ஏன்'களுக்கும் இவ்வாறு விடை கிடைப்பதில்லை. 'அ' என்னும் எழுத்து ஏன் இந்த உருவில் இருக்கிறது? மரத்தை ஏன் மரம் என்கிறோம்? இவ்விடத்தில்தான் நம் இலக்கணப் புலவர்கள் நமக்குப் பெருந்துணை செய்கின்றனர். பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பவணந்தியார் நன்னூலில் பகுத்தார். பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். மரம் என்பதோ முன்னோர் இட்ட குறி. சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்று தொல்காப்பியர் எச்சரித்ததும் நினைவிற்கொள்ளத் தக்கது.

இப்பகுப்பே ஆசிரியர்க்குரிய அறத்தின் அளவுகோல் என்பது நம் துணிபு. உயிர் 12, மெய் 18. இரண்டும் சேர 216 உயிர்மெய். இது காரணம். 216ஐயும் தனித்தனியே மனனம் செய்யுமாறு ஒரு குழந்தையை வருத்துதல் வீண். பெருக்கலின் தத்துவத்தை எழுத்திலேயே காட்டிவிடலாம். ஆனால் மெய்யோடு உகரம் சேரும்போது கு, சு, டு, மு என்று உருவங்கள் ஒரே சீராக அமையாதது எழுத்தின் உருவ மரபு; குழந்தையின் அளவில் அது இடுகுறியே. அத்தகைய மரபுகள் மாறுவதும் உண்டு. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த உருவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முன் எழுதப்பட்ட தாத்தாவின் கடிதத்தில் 'லை' என்னும் எழுத்து யானைத் துதிக்கை போல் மேலெழுந்து வளைந்திருக்கக் கண்டு, 'தாத்தா தப்பாக எழுதியிருக்கிறார்' என்று சொல்லும் பேரப்பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. தாத்தா பிழை செய்யவில்லை, உடன்பாடு மாறிற்று. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் வரும் தொகையோ அன்றும் 216, இன்றும் 216. எது மாறக்கூடியது, எது மாறாதது என்று அறிவதும் கல்வியே.

காரணம் ஒளிந்திருக்கும் சொற்களும் உண்டு. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியே கற்ற பின்னங்களில் மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. இவற்றைத் தனித்தனியே மனனம் செய்தோர் பலர். மாவையும் காணியையும் கூட்டிப் பாருங்கள். எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து. அதாவது பதினாறில் ஒன்று. பெயரே கணக்காக நிற்கிறது. சொல்லைப் பிரித்து வாசிக்கத் தெரிந்தவன் கணக்கையும் செய்துவிட்டான். எண்ணும் எழுத்தும் ஒரே பொருளை நோக்கும் கண்கள் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமா?

ஆகவே ஆசிரியர் செய்யக்கூடிய பிழைகள் இரண்டு. காரணம் உள்ளதை 'அப்படித்தான்' என்று இடுகுறியாக்குவது ஒன்று. அது குழந்தையின் அறிவைத் திருடுவது. இடுகுறியாய் உள்ளதற்குப் பொய்க் காரணம் கற்பிப்பது மற்றொன்று. அது குழந்தையின் நம்பிக்கையைத் திருடுவது. முன்னதைச் சோம்பலால் செய்கிறோம். பின்னதைப் பெரும்பாலும் அன்பால் செய்கிறோம். அதனாலேயே பின்னது அதிகக் கொடியது.

இதற்கு நம் இல்லங்களிலேயே சான்று உண்டு. இந்தியில் இருபத்தொன்பது, முப்பத்தொன்பது முதலியவற்றுக்கு 'முப்பதுக்கு ஒன்று குறைவு', 'நாற்பதுக்கு ஒன்று குறைவு' என்னும் பொருளில் பெயர்கள் அமைந்துள்ளன. பள்ளியில் அவற்றைக் கற்றுத் திண்டாடிய மகனிடம் ஒரு தந்தையார், "பார், தமிழில் இருபத்தொன்பது என்றால் இருபதும் ஒன்பதும். நம் மொழி முழுவதும் காரண காரியத்தோடு அமைந்தது" என்று பெருமிதம் கொண்டார். மகன் எண்பது வரை மகிழ்ச்சியோடு சொல்லி வந்தான். பிறகு கேட்டான்: "அப்பா, எண்பதுக்கு அடுத்து ஏன் தொண்ணூறு? அதில் நூறு எங்கிருந்து வந்தது?" ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறாவதற்கு நன்னூல் விதி கூறுகிறது, ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்னும் பழஞ்சொல் இருந்தமை பரிபாடலால் தெரிகிறது. இவ்வளவையும் சொல்லியிருக்கலாம். தந்தையாரோ சினந்து, "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே" என்றார். அன்று அச்சிறுவன் கற்றுக்கொண்டது தமிழின் பெருமையை அன்று. தந்தையின் பெருமிதம் வினாவைத் தாங்காது என்பதை.

'மொழி இதயத்துக்கு உரியது; அங்கே தருக்கத்தைப் புகுத்தினால் சுவை கெடும்' என்று சில அன்பர்கள் வாதிப்பர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடலாகாது. கவிதையின் இன்பத்தை நிறுவிக் காட்ட முடியாது என்பது உண்மை. ஆயினும் நம் உரையாசிரியர் மரபை நினைவுகூர்க. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை வரைந்தபோது, தமக்கு முன் உரை கண்ட இளம்பூரணரை மதித்தும் காரணம் காட்டி மறுத்தும் சென்றார். மணிமேகலை என்னும் காப்பியம் தன் இருபத்தொன்பதாம் காதையில் அளவை இலக்கணத்தையே விரித்துரைக்கிறது. இத்தனை தருக்கத்தாலும் தமிழின் சுவை குன்றிற்றில்லை. 'இப்பாட்டின் பொருள் இது' என்று கூறும் மாணவனை, 'எந்தச் சொல்லைக் கொண்டு அவ்வாறு கூறுகிறாய்?' என்று வினவுதல் சுவைக்குப் பகையன்று, சுவைக்கு அடித்தளம்.

இறுதியாக, எந்த வினாவுக்கு அஞ்சி இத்தனை வினாக்களையும் நாம் சுற்றி வருகிறோமோ, அதனை நேர்நின்று நோக்குவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உறக்கம் கலைந்த முகத்தோடு நம் பிள்ளை கேட்கிறது: "நான் ஏன் தமிழ் படிக்க வேண்டும்? பள்ளியில் வேண்டாம், வேலைக்கு வேண்டாம், நண்பர்களுக்கும் தெரியாது."

இவ்வினாவுக்கு நாம் தரும் விடைகள் பெரும்பாலும் இரண்டாம் வகைப் பிழையைச் சேர்ந்தவை. உலக மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழே என்கிறோம். பிற மொழிகளில் இல்லாத அறிவெல்லாம் இதில் உண்டு என்கிறோம். காரணம் கேட்கப் பழகிய குழந்தை ஒருநாள் இவற்றைச் சோதிக்கும். அன்று மிகைகள் உதிரும்போது அவற்றோடு கட்டப்பட்டிருந்த மொழியும் உதிர்ந்துவிடும். அவ்விழப்புக்குப் பொறுப்பு குழந்தையினுடையது அன்று.

இங்கே கணிதம் மீண்டும் நமக்கு வழிகாட்டுகிறது. எல்லாவற்றையும் நிறுவக் கோரும் கணிதமே நிறுவாமல் ஏற்கும் சிலவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. யூக்ளிட் தம் வடிவியலை ஐந்து எடுகோள்களின்மேல் எழுப்பினார். ஐந்தாம் எடுகோளை ஏனையவற்றிலிருந்து நிறுவிவிட அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகள் முயன்றனர். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் லொபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் யானோஷ் போல்யாயும் அதனை மாற்றி வைத்தும் முரணற்ற வேறொரு வடிவியலைக் கட்டலாம் எனக் காட்டினர். அதனால் யூக்ளிடின் வடிவியல் பொய்யாகவில்லை. தொடக்கம் என்பது நிறுவப்படுவதன்று, வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்படுவது என்பது மட்டும் தெளிவாயிற்று.

தாய்மொழியும் அத்தகைய தொடக்கமே. நாம் தமிழராய்ப் பிறந்தது இடுகுறி. நம் அண்டை வீட்டார் வங்காளியராகவும் பஞ்சாபியராகவும் பிறந்ததும் அவ்வாறே. அவர்தம் மொழியினும் நம் மொழி உயர்ந்தது என்று நிறுவினால்தான் நம் பிள்ளை அதனைக் கற்கும் என்று கருதுவது, தொடக்கத்துக்கு நிறுவல் தேடும் வீண் முயற்சி. பிள்ளையிடம் உண்மையைச் சொல்வோம்: "இது உலகிலேயே சிறந்தது என்பதற்காக உனக்குத் தரவில்லை. உன் பாட்டி பேசுவது இது. தாத்தாவின் கடிதம் இருப்பது இதில். ஈராயிரம் ஆண்டுகளாக மக்கள் சிந்தித்து எழுதி வைத்தது இதில் இருக்கிறது. இங்கிருந்து நாங்கள் தொடங்கினோம். நீயும் இங்கிருந்து தொடங்கிப் பார்." இவ்விடையில் எந்த வினாவுக்கும் உடையக்கூடியது ஒன்றுமில்லை. பிள்ளை வளர்ந்து சோதித்தாலும் அது நிற்கும்.

2021இல் நடுவண் அரசு எழுத்தறிவையும் எண்ணறிவையும் இணைத்து நாடு தழுவிய திட்டமொன்றைத் தொடங்கிற்று. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய திட்டத்துக்கு 'எண்ணும் எழுத்தும்' என்றே பெயரிட்டது. திட்டங்கள் இரண்டையும் ஒரு பெயருக்குள் கொண்டுவரலாம். ஒரு மனத்துக்குள் கொண்டுவர வேண்டியவர் ஆசிரியரும் பெற்றோருமே.

அந்த இளம்பெண்ணுக்குக் காலம் தாழ்த்தி நாம் தரும் விடை இதுதான். மகளே, குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதற்காக மட்டும் நீ கணிதத் தருக்கம் பயிலவில்லை. ஒரு குழந்தை எழுத்தின்மேல் விரலை வைத்து 'ஏன்?' என்று நிமிர்ந்து பார்க்கும்போது, 'இதற்குக் காரணம் உண்டு, வா, காண்போம்' என்றோ, 'இது நம் முன்னோர் இட்ட குறி, ஏற்றுக்கொள்வோம்' என்றோ, 'எனக்குத் தெரியவில்லை, அடுத்த ஞாயிற்றுக்குள் கேட்டுச் சொல்கிறேன்' என்றோ, மூன்றில் எது உண்மையோ அதனை மட்டும் சொல்லும் துணிவைப் பெறுவதற்காகவே பயில்கிறாய். அத்துணிவு உனக்கு வாய்க்குமாயின், உன்னிடம் பயிலும் பிள்ளைகளின் கையில் எண்ணும் எழுத்தும் இரண்டாய் இரா.